குடுவும் ஆரிக்ஸும்: நமீபியா வேட்டைப் பயண ஏற்பாட்டு நாட்குறிப்பு

2024 ஆகஸ்ட் 31, சனி

வறட்சி நிவாரணத்துக்காக 723 காட்டு விலங்குகளைச் சுட்டு இறைச்சியை மக்களுக்குக் கொடுக்கப்போவதாக நமீபிய அரசு இந்த வாரம் அறிவித்தது. 300 வரிக்குதிரை, 100 ஈலண்ட் மான், 83 யானை என்று பட்டியல் நீள்கிறது. அடுத்த ஜூனில் போகலாமா, ஒரு வருஷம் தள்ளிப்போடலாமா என்பதுதான் இப்போது கேள்வி.

அரசு சுடுவது தேசியப் பூங்காக்களிலும் சமூக நிலங்களிலும். நாம் போகப்போவது தனியார் பண்ணைக்கு. அங்கே கவலை வேறு மாதிரி. மழை இல்லாத ஆண்டில், குடு என்ற பெரிய மானில் வயதான ஆண்களும் குட்டிகளும்தான் முதலில் விழும். தேடிப் போவது அந்த வயதான ஆணைத்தான். ஆகவே ஏற்பாட்டாளருக்கு எழுதும் முதல் கடிதத்திலேயே மூன்று கேள்வி: போன மழைக்காலத்தில் எத்தனை மில்லிமீட்டர் பெய்தது, மாடுகளை விற்றுக் குறைத்தீர்களா, இந்த ஆண்டு எத்தனை குடு செத்துக் கிடந்தது? எண் சொல்லிப் பதில் எழுதுகிறவரோடு பேச்சைத் தொடரலாம். "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று ஒரே வரியில் முடிப்பவரை விட்டுவிடலாம்.

2024 செப்டம்பர் 8, ஞாயிறு

விலங்குப் பட்டியலை வைத்துக்கொண்டு இடம் தேடுவது தலைகீழான வேலை. எது கிடைக்கும் என்பதை நிலம்தான் தீர்மானிக்கிறது. வடக்கே ஓச்சிவாரோங்கோ, வாட்டர்பெர்க் பக்கம் முட்புதர் அடர்த்தி. குடுவுக்கு ஏற்ற இடம். ஸ்பிரிங்பாக் மான் வேண்டுமானால் தெற்கே, கலஹாரி ஓரத்துத் திறந்த வெளிக்குப் போக வேண்டும். இரண்டையும் ஒரே முகாமில் "நிச்சயம்" என்று எழுதியிருந்தால், ஒன்றுக்காக ஒரு நாள் முழுக்க வண்டியில் கழியும், அல்லது அந்த விலங்கை வாங்கிக் கொண்டுவந்து விட்டிருப்பார்கள்.

அடுத்தது வேலி. மாட்டுப் பண்ணையின் தாழ்ந்த வேலியைக் குடு அலட்சியமாகத் தாண்டும். ஆரிக்ஸ் மான் அடியில் நுழைந்து போகும். அந்த நிலத்தில் விலங்கு தன் இஷ்டத்துக்கு வரும், போகும். உயர்வேலிப் பண்ணையில் பரப்பைக் கேட்க வேண்டும். பத்தாயிரம் ஹெக்டேர் உயர்வேலியும் ஐந்நூறு ஹெக்டேர் உயர்வேலியும் ஒன்றல்ல. இரண்டாவதில் நடப்பதை வேட்டை என்று சொல்ல மனம் வரவில்லை.

பலர் கேட்க மறப்பது ரேபிஸ் என்ற வெறிநோய். நமீபியக் குடுக்களிடையே அது கொள்ளைநோயாகவே பரவும். 1977 வாக்கில் தொடங்கிய முதல் அலை ஆயிரக்கணக்கில் கொன்றது. நோய் கடந்துபோன பண்ணையில் முதிர்ந்த ஆண்கள் மறுபடி தேறப் பல ஆண்டுகள் ஆகும். கடைசியாக எப்போது வந்தது என்று கேட்டால் நேர்மையானவர்கள் ஆண்டைச் சொல்லிவிடுவார்கள்.

2024 செப்டம்பர் 21, சனி

பணக் கணக்கு. விலைப்பட்டியலின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருப்பது நாள் கட்டணமும், சுடும் விலங்குக்கான டிராஃபி கட்டணமும் மட்டும். மீதியெல்லாம் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில்.

உதாரணத்துக்கு நாள் கட்டணம் 350 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வேட்டைக்காரருக்கு ஒரு வழிகாட்டி என்றால் 10 நாளுக்கு 3,500. இருவருக்கு ஒரே வழிகாட்டி என்றால் தலைக்குக் கொஞ்சம் குறையும். ஆனால் ஒருவர் சுடும் நாளில் மற்றவர் வேடிக்கைதான் பார்க்க வேண்டும், ஆக அது ஆளுக்கு 5 நாள் வேட்டை. குடுவுக்கு அது போதாது. இதோடு சேர வேண்டியவை: வேட்டையாடாமல் கூட வருபவரின் கட்டணம், வந்திறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் வருமா என்பது, விமான நிலையத்திலிருந்து கூட்டிப்போகும் செலவு, வாடகைத் துப்பாக்கி, நமீபியாவின் 15% மதிப்புக்கூட்டு வரி விலைக்குள் அடங்கியதா வெளியேயா, தோல் பதப்படுத்திப் பெட்டி கட்டும் செலவு, கப்பலோ விமானமோ ஏற்றும் செலவு, இனாம். கடைசி மூன்றும் சேர்ந்து ஒரு விலங்கின் கட்டணத்தைச் சுலபமாகத் தாண்டும்.

"7 நாள், 7 விலங்கு" தொகுப்புகள் மலிவாகத் தெரியும். அந்த ஏழில் உண்மையில் வேண்டியது இரண்டோ மூன்றோதான். மற்றவை எளிதாகக் கிடைப்பதால் சேர்க்கப்பட்டவை. அதைவிட, குடுவும் ஆரிக்ஸும் மட்டும், 10 நாள் என்று எழுதி வாங்கினால் வயதான விலங்குக்காகக் காத்திருக்க நேரம் கிடைக்கும். பணத்தை நாளுக்குப் போடுவதே மேல், எண்ணிக்கைக்கு அல்ல. வழியில் நல்ல வார்ட்ஹாக் காட்டுப்பன்றி எதிர்ப்பட்டால் பட்டியல் விலை கொடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

2024 அக்டோபர் 5, சனி

வழிகாட்டியின் பதிவு வகையைப் பார்க்க வேண்டும். நமீபியாவில் வெளிநாட்டவர் யாரும் பதிவுபெற்ற வழிகாட்டி இல்லாமல், கொம்பும் தோலும் எடுத்துவரும் டிராஃபி வேட்டை ஆட முடியாது. பதிவு தருவது சுற்றுச்சூழல், சுற்றுலா அமைச்சகம். வேட்டை வழிகாட்டி தன் பண்ணையில் மட்டும். தலைமை வேட்டை வழிகாட்டி அதோடு இன்னும் இரண்டு பண்ணைகளில். தொழில்முறை வேட்டைக்காரர் நாடு முழுக்க. "பக்கத்துப் பண்ணைக்கும் கூட்டிப்போவோம்" என்று சொல்பவர் எந்த வகையில் பதிந்திருக்கிறார் என்று கேளுங்கள். அந்தப் பக்கத்து நிலத்தில் வேட்டையாட அவருக்கு எழுத்தில் உரிமை இருக்கிறதா என்றும் கேளுங்கள். 1974 முதல் இயங்கும் நாஃபா என்ற நமீபியத் தொழில்முறை வேட்டைச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் பெயர் இருப்பது கூடுதல் தெம்பு.

விசாரிப்பதற்கென்று ஏற்பாட்டாளர் தரும் தொலைபேசி எண்களெல்லாம் திருப்தியோடு போனவர்களுடையவை. நினைத்த விலங்கு கிடைக்காமல் திரும்பியவர் ஒருவரின் எண்ணைக் கேட்டு வாங்கி அவரிடம் பேசினால் அரை மணி நேரத்தில் முழுப் படமும் தெரிந்துவிடும். அவரிடம் கேட்க வேண்டியது: முகாமில் ஒரே சமயத்தில் எத்தனை பேர் இருந்தார்கள், வண்டியிலிருந்து சுடச் சொன்னார்களா, இளம் ஆணைக் காட்டி "இது போதும்" என்று அவசரப்படுத்தினார்களா, கடைசி நாள் ரசீதில் புதிதாக ஏதாவது முளைத்ததா.

2024 அக்டோபர் 19, சனி

ஒப்பந்தம் வந்தது. திருத்தச் சொல்லி அனுப்பியவை:

காயம்பட்டுத் தப்பிய விலங்குக்கும் முழுக் கட்டணம் என்பது எங்கும் உள்ள வழக்கம், நியாயமும்கூட. ஆனால் "காயம்" என்பதை யார் தீர்மானிப்பது என்று எழுதியிருக்கவில்லை. ரத்தத் துளி கண்டால் காயம் என்று சேர்க்கச் சொன்னோம். தேடும் நாய் முகாமில் உண்டா என்றும் கேட்டோம்; முட்புதர்க் காட்டில் நாய் இல்லாவிட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

சுடாத விலங்குக்குக் கட்டணம் இல்லை என்பதும், ஏற்பாட்டாளர் தரப்பில் ரத்தானால் முன்பணம் முழுக்கத் திரும்பும் என்பதும் எழுத்தில் வேண்டும். வழிகாட்டியின் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நேர்காணலில் பேசியவர் ஒருவர், காட்டில் நிற்பவர் வேறொருவர்.

முன்பணத்தை வங்கி வழியாக அனுப்பும் முன் கணக்கு எண்ணைத் தொலைபேசியில் பேசி, ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். மின்னஞ்சலுக்குள் புகுந்து "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று எழுதிப் பணத்தைத் திருப்பிக்கொள்ளும் மோசடி இந்தத் துறையில் சகஜம். கூப்பிட வேண்டியது அந்தக் கடிதத்தில் உள்ள எண்ணையல்ல, ஏற்கெனவே பேசிய பழைய எண்ணை.

தேதி ஜூன் நடுப்பகுதி. சட்டப்படி பருவம் பிப்ரவரி 1 முதல் நவம்பர் 30 வரை. பிப்ரவரி, மார்ச்சில் புல் இடுப்புயரம். செப்டம்பர், அக்டோபரில் எல்லாம் காய்ந்து விலங்குகள் நீர்த்துறையைச் சுற்றியே நிற்கும், வெயிலும் கொளுத்தும். ஜூனில் விடிகாலை உறைகுளிர், பகல் இதம், ஆண் குடு பெண் கூட்டத்தோடு திரியும் காலத்தின் வால்பகுதி.

2024 நவம்பர் 24, ஞாயிறு

டெக்சஸிலிருந்து இரண்டு வழி. ஃபிராங்க்ஃபர்ட் போய் அங்கிருந்து நேராக நமீபியத் தலைநகர் விண்ட்ஹூக். அல்லது அட்லாண்டா, ஜோகன்னஸ்பர்க் வழியாக. துப்பாக்கி எடுத்துப்போகிறவர் எல்லாக் கட்டத்தையும் ஒரே டிக்கெட்டில் போட வேண்டும். தனித்தனி டிக்கெட் என்றால் ஜோகன்னஸ்பர்க்கில் பெட்டி கைக்கு வரும். வந்தால் தென்னாப்பிரிக்கப் போலீஸின் தற்காலிக இறக்குமதி அனுமதி, 520 படிவம், இல்லாமல் நகர முடியாது. ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் முன்கூட்டியே தகவல் சொல்லி ஒப்புதலை அச்செடுத்து வைக்க வேண்டும். அடிஸ் அபாபா வழி மலிவுதான். ஆனால் அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள்.

2025 ஜனவரி 12, ஞாயிறு

நமீபியச் சட்டம் குழல் அளவைச் சொல்வதில்லை, தோட்டா குழல்வாயை விட்டு வெளிவரும்போது இருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆற்றலைச் சொல்கிறது. ஸ்பிரிங்பாக், டைக்கர் போன்ற சிறு மான்களுக்கு 1,350 ஜூல். குடு, ஆரிக்ஸ், ஹார்டபீஸ்ட், ஈலண்ட் என்ற பெரிய மான்களுக்கு 2,700. எருமை, யானைக்கு 5,400.

.243 குழல் அளவில் 100 கிரெயின் (தோட்டா எடையின் அலகு) தோட்டா வினாடிக்கு 2,960 அடி வேகத்தில் போனால் சுமார் 2,640 ஜூல். மயிரிழையில் தோற்கிறது. .270-இல் 130 கிரெயின் சுமார் 3,660; .30-06-இல் 180 கிரெயின் சுமார் 3,950. இந்த இரண்டில் கையில் பழகியது எதுவோ அது போதும். புதிதாக மேக்னம் என்ற அதிவேகத் துப்பாக்கி வாங்கி, அதன் உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு சுடுபவர்களால்தான் வழிகாட்டிகள் மாலை முழுக்க ரத்தத் தடம் பார்க்கிறார்கள். ஆனால் தோட்டாவில் சிக்கனம் வேண்டாம். நோஸ்லர் பார்ட்டிஷன், பார்ன்ஸ் டிஎஸ்எக்ஸ், ஸ்விஃப்ட் ஏ-ஃபிரேம் மாதிரி உடையாமல் ஆழம் போகும் தோட்டா. ஆரிக்ஸின் தோள் தோல் கனமானது.

கைத்துப்பாக்கிக்கும் தானியங்கி, அரைத்தானியங்கித் துப்பாக்கிகளுக்கும் அங்கே இடமில்லை. போல்ட் ரைஃபிள்தான்.

2025 பிப்ரவரி 9, ஞாயிறு

அமெரிக்காவிலிருந்து கிளம்புவோருக்கு 4457 படிவம்: துப்பாக்கியை இங்கிருந்துதான் எடுத்துப்போனோம் என்பதற்குச் சுங்கச் சான்று. சுங்க அலுவலகத்துக்குத் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்து, தோட்டா இல்லாமல் கொண்டுபோக வேண்டும். அதிகாரி வரிசை எண்ணைக் கண்ணால் பார்த்து முத்திரை குத்துவார். கட்டணம் இல்லை. தொலைநோக்கியின் எண்ணையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள். படிவத்தின் மேல்மூலையில் அச்சாகியிருக்கும் தேதி அந்தப் படிவப் பதிப்பின் காலாவதிதான், உங்கள் சான்றின் காலாவதி அல்ல. ஆனால் ஆப்பிரிக்க விமான நிலையப் போலீஸுக்கு அந்த விளக்கம் எடுபடாது. தேதி தாண்டாத புதிய பதிப்பில் முத்திரை வாங்குவது நிம்மதி.

ஹெச்-1பி விசாவில் உள்ள நண்பர்களுக்கு: குடிவரவு அல்லாத விசாக்காரர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது, ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. எடுத்துப்போய் மறுபடி உள்ளே கொண்டுவருவது இன்னொரு படிவத் தொல்லை. நமீபியாவில் வாடகைக்கு எடுப்பதுதான் புத்திசாலித்தனம். எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா என்று இப்போதே கேட்டு, அதே அளவில் இங்கே பழகலாம்.

2025 மார்ச் 16, ஞாயிறு

பயிற்சி. மேஜையில் மணல் மூட்டை வைத்துச் சுட்டது போதும். அங்கே நின்றுகொண்டு, முக்காலித் தாங்கலில் வைத்துத்தான் சுட வேண்டியிருக்கும். வழிகாட்டி தாங்கலை ஊன்றியதிலிருந்து சுடும் வரை பத்து வினாடிக்குள் முடிய வேண்டும். குடு அதற்கு மேல் நிற்காது. 180 கிரெயின் .30-06-ஐ 200 கஜத்தில் குறிவைத்த இடத்திலேயே படும்படி சரிசெய்தால் 100 கஜத்தில் சுமார் 2 அங்குலம் மேலே விழும். புதர்க்காட்டு தூரத்துக்கு இந்த ஏற்பாடு போதுமானது.

டெக்சஸ் மானில் பழகியவர்கள் தோளுக்குப் பின்னால் குறிவைப்பார்கள். ஆப்பிரிக்க மான்களுக்கு இதயமும் நுரையீரலும் இன்னும் முன்னால், இன்னும் கீழே. முன்னங்காலின் கோட்டிலேயே மேலே வந்து, உடம்பின் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரம். பின்னால் போனால் வயிறு, அதோடு அன்றைய பொழுதும் போயிற்று. ஆரிக்ஸுக்கு இன்னொரு சிக்கல்: தோளுக்கு மேல் திமில் போலப் புடைத்திருப்பதால் உடம்பின் நடு என்று கண் காட்டும் இடம் உண்மையில் மேலே இருக்கும். குண்டு முதுகெலும்பின் மேல்முள்ளில் பட்டால் விலங்கு சுருண்டு விழும், அரை நிமிஷத்தில் எழுந்து ஓடிவிடும். விழுந்ததைப் பார்த்துக் கைகுலுக்கத் தொடங்காமல் அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ள வேண்டும்.

2025 ஏப்ரல் 5, சனி

அமெரிக்கக் குடிமக்களுக்கு இதுவரை விசா வேண்டியதில்லை. ஏப்ரல் 1 முதல் வேண்டும்: 1,600 நமீபிய டாலர், இணையத்தில் முன்கூட்டியே வாங்கலாம், இறங்கியும் வாங்கலாம். துப்பாக்கிப் பதிவுக்கும் வரிசையில் நிற்க வேண்டியவர் முன்கூட்டியே வாங்கிவிடட்டும். பழைய பயணக் குறிப்புகளை நம்பி இருக்க வேண்டாம்.

2025 மே 11, ஞாயிறு

தோட்டா ஆளுக்கு 5 கிலோவுக்கு மேல் விமானத்தில் ஏறாது. 60 போதும், தாராளம். உற்பத்தியாளர் அட்டைப் பெட்டியிலேயே, துப்பாக்கியிலிருந்து தனியாக. துப்பாக்கிப் பெட்டியின் எல்லாத் துளைக்கும் பூட்டு, சாவி உங்கள் சட்டைப் பையில். விண்ட்ஹூக்கில் போலீஸ் மேஜையில் வரிசை எண்ணைப் பார்த்து நுழைவு அனுமதி எழுதித் தருவார்கள். திரும்பும்போது அதே தாளைக் கேட்பார்கள்.

மருத்துவ வெளியேற்றக் காப்பீடு எடுத்தாயிற்று. பண்ணையிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு நான்கு மணி நேரம்.

உடுப்பு மூன்று ஜோடி, முகாமில் தினமும் துவைப்பார்கள். சூரியன் ஏழரை வாக்கில்தான் உதிக்கும்; அதற்கு அரை மணி முன்பிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி பின்புவரை சட்டப்படி வேட்டை நேரம். திறந்த வண்டியில் அந்த முதல் ஒரு மணிக்குக் கையுறையும் கம்பளித் தொப்பியும் இல்லாமல் விரல் வராது.

2025 ஜூன் 1, ஞாயிறு

டிராஃபித் தாள்கள். அனுமதியில் ஒரு இனத்துக்கு இரண்டுக்கு மேல் இல்லை. குடுவும் ஆரிக்ஸும் சைட்டிஸ் (அரிய உயிரின வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் இல்லாததால் தாள்வேலை குறைவு. மலை வரிக்குதிரை பட்டியலில் உண்டு, ஆசைப்பட்டால் ஏற்றுமதிக்குத் தனி சைட்டிஸ் அனுமதி எடுக்க வேண்டும். வார்ட்ஹாக் பன்றி இனம். அமெரிக்க வேளாண் துறை அனுமதி பெற்ற பாடம்செய்வோரின் முகவரிக்குத்தான் அனுப்பலாம். அந்த முகவரி அட்டையை இப்போதே அச்சடித்து, பெயர், இறங்கும் துறைமுகம் ஹூஸ்டன் என்று எழுதி நாலைந்து எடுத்துப்போக வேண்டும். ஒவ்வொரு தோலிலும் கொம்பிலும் ஒன்று.

தோல் உரிக்கிறவரிடம் முதல் நாளே பேசிவிட வேண்டும். தோள்வரை பாடம் என்றால் தோலைத் தோளுக்கு நன்றாகப் பின்னால் வெட்டச் சொல்லுங்கள். குட்டையாக வெட்டியதை ஒட்டிச் சரிசெய்ய வழியில்லை. காதுக் குருத்தெலும்பைப் பிரித்து, உதட்டைப் பிளந்து, அன்று மாலைக்குள் உப்பு. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் முகத்தில்தான் முதலில் முடி உதிரும்.

இறைச்சி பண்ணைக்கே. இனாமுக்குச் சிறு நோட்டுகளாகத் தென்னாப்பிரிக்க ராண்ட் எடுத்துப்போகலாம். நமீபிய டாலருக்குச் சமமாக அங்கே செல்லும். வழிகாட்டிக்குத் தனி உறை. தடம் பார்ப்பவர், தோல் உரிப்பவர், சமையல்காரர் ஒவ்வொருவருக்கும் கையில் கொடுப்பதே சரி, மொத்தமாக ஒருவரிடம் தரக் கூடாது.

பெட்டி வர ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் ஆகும். ஹூஸ்டனில் இறங்கும்போது காட்டு விலங்குப் பொருள் இறக்குமதிக்கான 3-177 படிவத்தை நிரப்பிக் கொடுக்க சுங்கத் தரகர் ஒருவரைப் பேசியாயிற்று. அவர் கேட்டவை: வேட்டை அனுமதியின் நகல், கால்நடை மருத்துவச் சான்று, ஏற்றுமதி அனுமதி. மூன்றையும் முகாமை விட்டுக் கிளம்பும் முன் படம் பிடிக்க முடியாது, இரண்டு பிறகுதான் வரும். அவற்றை அனுப்பும் பொறுப்பு யாருடையது என்று ஏற்பாட்டாளரிடம் நாளை எழுதி வாங்க வேண்டும்.