ஜூலை 1-க்குள் கைமாற வேண்டியவை: ரோட்டரி சங்கங்களின் ஆண்டு நிறைவு

ஜூன் பிறந்துவிட்டால் ரோட்டரி சங்கங்களில் பேச்செல்லாம் பதவியேற்பு விழாதான். எந்த மண்டபம், சிறப்பு விருந்தினர் யார், சாப்பாடு யாரிடம் சொல்வது, அழைப்பிதழில் பெயர்கள் எந்த வரிசையில் என்று வாட்ஸ்அப் குழு ஓயாமல் ஒலிக்கும். தலைவர் பதவியின் அடையாளமாக அணியும் காலர் ஒரு கழுத்திலிருந்து இன்னொரு கழுத்துக்கு மாற ஒரு நிமிடம் போதும். வங்கிக் கணக்கும் உறுப்பினர் பட்டியலும் பாதியில் நிற்கும் திட்டங்களும் ஒழுங்காகக் கைமாறுவதற்குத்தான் உழைப்பு வேண்டியிருக்கிறது. அதைச் செய்யாத சங்கத்தில் புதிய தலைவரின் முதல் மூன்று மாதம் பழைய காகிதங்களைத் தேடுவதிலேயே போய்விடும். இருப்பது பன்னிரண்டு மாதம்தான். அதில் கால்வாசியை இப்படி இழப்பது பெரிய நஷ்டம்.

ரோட்டரி ஆண்டு ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடிகிறது. லயன்ஸ் சங்கங்களுக்கும் இதே கணக்கு. ஜேசீஸ் மட்டும் ஜனவரி முதல் டிசம்பர் வரை. விழாவை ஜூன் கடைசியில் வைத்தாலும் சரி, ஆகஸ்டில் வைத்தாலும் சரி, பொறுப்பு மாறும் நாள் ஜூலை 1. விழா முடியும்வரை பழைய தலைவரே தலைவர் என்று சில இடங்களில் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. ஜூலை 2-ஆம் தேதி ஒரு கடிதம் போக வேண்டுமென்றால் அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் புதிய தலைவர்தான்.

இத்தனைக்கும் தயாராவதற்கு ரோட்டரி தரும் அவகாசம் தாராளமானது. தலைவர் பதவியேற்பதற்குக் குறைந்தது 18 மாதம் முன்பே தேர்வாகிவிடுகிறார். நிர்வாகிகள் தேர்தலுக்கான ஆண்டுக் கூட்டத்தை டிசம்பர் 31-க்குள் நடத்தியாக வேண்டும். பிப்ரவரி 1-க்குள் புதிய நிர்வாகிகளின் பெயர்களை ரோட்டரியின் இணையதளமான மை ரோட்டரி தளத்தில் ஏற்ற வேண்டும். அதன்பின் தலைவராகப் போகிறவருக்கு பெட்ஸ் எனப்படும் தலைவர் பயிற்சி முகாம். ஆக, மே மாதத்தில் இரண்டு அணியும் கையெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. பழைய, புதிய இயக்குநர் குழுக்கள் சேர்ந்து உட்காரும் கூட்டத்தை ஜூன் இரண்டாம் வாரத்துக்குள் வைத்துவிட்டால் கீழே சொல்பவற்றில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். ஜூன் 28-ல் வைத்தால் அது வெறும் டீ பார்ட்டி.

உறுப்பினர் பட்டியலை முதலில் எடுக்க வேண்டும், ஏனென்றால் இதில் தேதி தவறினால் நேராகப் பணம் போகும். சங்கங்களின் உலகத் தலைமை அமைப்பான ரோட்டரி இன்டர்நேஷனல் அரையாண்டுக்கு ஒருமுறை சந்தா பில் அனுப்புகிறது. ஜூலை 1, ஜனவரி 1 ஆகிய நாள்களில் தளத்தில் எத்தனை பெயர் இருக்கிறதோ அத்தனை பேருக்கும் பில் வரும். ஒருவர் மே மாதமே ராஜினாமா கடிதம் கொடுத்து, அது செயலாளரின் பைக்குள்ளேயே இருந்துவிட்டால், அவருக்கும் சேர்த்துச் சங்கம் கட்ட வேண்டியதுதான். பில் வந்த பிறகு பெயரை எடுத்தால் தொகை குறையாது. அதனால் ஜூன் 15 வாக்கில் சந்தா பாக்கிப் பட்டியலைப் பொருளாளர் எடுத்துக் கொடுக்க வேண்டும். பாக்கி வைத்திருப்பவரிடம் தலைவரே பேசுவது நல்லது. செயலாளர் போன் செய்தால் வசூல் போலத் தோன்றும். தொடர விரும்பாதவரின் விலகலை இயக்குநர் குழுவில் பதிவு செய்து, ஜூன் 25-க்குள் தளத்தில் ஏற்றிவிட வேண்டும். வளர்ச்சி காட்டுவதற்காக ஜூன் கடைசியில் நாலைந்து பெயரைச் சேர்த்துவிட்டு நழுவும் பழக்கத்தை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். அந்தப் பெயர்களுக்கான பில் அடுத்தவர் தலையில் விழுகிறது.

பட்டியலைத் திறந்த கையோடு மின்னஞ்சல் முகவரிகளையும் பார்த்துவிடுங்கள். மூத்த உறுப்பினர்களுக்கு மின்னஞ்சல் இல்லையென்று செயலாளரே தன் முகவரியைப் போட்டுவைத்திருப்பார். ஒருவருக்கு ஒரு முகவரிதான். இல்லையென்றால் அவரால் தளத்துக்குள் நுழையவே முடியாது. சிலருக்குத் தவறுதலாக இரண்டு உறுப்பினர் எண் உருவாகியிருக்கும். அவர் ரோட்டரி அறக்கட்டளைக்குக் கொடுத்த தொகை இரண்டு எண்ணிலும் பிரிந்து நிற்க, 1,000 டாலர் நிறைந்தும் நன்கொடையாளருக்குத் தரும் பால் ஹாரிஸ் ஃபெல்லோ அங்கீகாரம் வராமல் கிடக்கும். இரண்டையும் இணைக்கச் சொல்லி எழுதினால் சரிசெய்து தருவார்கள். அறக்கட்டளை நன்கொடை ஜூன் 30-க்குள் போய்ச் சேர்ந்தால்தான் அந்த ஆண்டுக் கணக்கில் வரும். கடைசி நாள் இரவு வரை இழுக்காமல் 20-ஆம் தேதியோடு முடிப்பது நல்லது. நன்கொடையாளரின் பான் எண்ணையும் அப்போதே வாங்கிக்கொள்ளுங்கள், வரிவிலக்கு ரசீதுக்கு அது வேண்டும்.

அடுத்தது வங்கி. அதிகமான சங்கங்கள் இடறுவது இங்கேதான். ஜூலையில் விழா, ஆகஸ்டில் நினைவு வந்து வங்கிக்குப் போவார்கள். இடைப்பட்ட காலத்தில் மண்டப வாடகை, சாப்பாடு, நினைவுப் பரிசு எல்லாம் புதிய தலைவரின் சொந்தப் பணத்தில் நடக்கும். எது அவர் செலவு, எது சங்கத்தின் செலவு என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது. சில இடங்களில் பழைய நிர்வாகிகள் வெறும் காசோலைகளில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டுப் போவார்கள். நம்பிக்கையில் செய்வதுதான், ஆனால் அது ஆபத்து. வங்கி ஏட்டில் கையெழுத்து மாறிய மறுநாளே அந்தக் காசோலைகள் திரும்பிவிடும். ஒன்று தொலைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் பதவியில் இல்லாதவர். மாறாக, ஜூன் கூட்டத்திலேயே இப்படி ஒரு தீர்மானத்தை எழுதிவிடலாம்:

"ஜூலை 1 முதல் சங்கத்தின் வங்கிக் கணக்கைத் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூவரில் எவரேனும் இருவர் கூட்டாக இயக்குவது என்றும், இதுவரை இயக்கியவர்களின் கையெழுத்து அதிகாரம் ஜூன் 30 அலுவல் நேர முடிவோடு நீங்குகிறது என்றும் தீர்மானிக்கப்பட்டது."

தீர்மானத்தில் கணக்கு எண்ணும் புதியவர்களின் முழுப் பெயரும் இருக்க வேண்டும், பெயர் பான் அட்டையில் உள்ள அதே எழுத்தில் இருக்க வேண்டும். தலைப்பெழுத்து முன்னால் ஒரு ஆவணத்தில், பின்னால் இன்னொன்றில் என்றிருந்தால் வங்கி திருப்பி அனுப்பும். தீர்மான நகலில் பழைய தலைவரும் செயலாளரும் சான்றொப்பமிட வேண்டும். ஆதார், பான், புகைப்படம், மாதிரிக் கையெழுத்து, சங்க விதிகளின் நகல் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, மூவரும் ஒரே நாளில் நேரில் போய்விடுவது உத்தமம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் பதிவான சங்கமென்றால் புதிய செயற்குழு விவரத்தைப் படிவம் 7-ல் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். சில வங்கிகள் அதன் நகலையும் கேட்கும். கணக்கோடு இணைந்த கைபேசி எண்ணை மாற்ற மறந்துவிடாதீர்கள். மறந்தால் ஓ.டி.பி. ஒவ்வொன்றுக்கும் பழைய பொருளாளரை அழைக்க வேண்டியிருக்கும். முகாம் பேனரில் அச்சடித்த க்யூ.ஆர். கோடு யார் கணக்குக்குப் போகிறது என்பதையும் ஒருமுறை ஸ்கேன் செய்து பாருங்கள்.

கணக்கு முடிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. வருமான வரிக்கு ஆண்டு மார்ச் 31-ல் முடிகிறது, ரோட்டரிக்கு ஜூன் 30-ல். ஒரே பேரேட்டில் இரண்டையும் சமாளிக்க, மார்ச் 31 இருப்பைத் தனியாக எடுத்து ஆடிட்டரிடம் கொடுத்துவிட்டு, ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதத்தைத் தனித் தாளாக வைத்துக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாத பொருளாளர் அடுத்த ஆண்டு வரிக் கணக்கின்போது, தான் பதவியில் இல்லாத காலத்துக்கும் விளக்கம் சொல்ல நேரிடும். நிர்வாகச் செலவுக்கான பணமும் சேவைத் திட்டத்துக்கான பணமும் தனித்தனியே நிற்க வேண்டும் என்பது ரோட்டரியின் மாதிரித் துணைவிதியிலேயே இருக்கிறது. கண் சிகிச்சை முகாமுக்கு வசூலித்த பணத்தில் மீதி இருந்தால் அது அந்தத் தலைப்பிலேயே புதிய அணிக்குப் போக வேண்டும். விழாச் சாப்பாட்டுக்கு அதை எடுக்கக் கூடாது.

ரோட்டரி அறக்கட்டளை பெரிய திட்டங்களுக்குத் தரும் குளோபல் கிராண்ட் நிதியில் ஒரு திட்டம் ஓடிக்கொண்டிருந்தால் கூடுதல் கவனம் தேவை. அதற்கென்று தனி வங்கிக் கணக்கு, குறைந்தது இரண்டு ரோட்டரி உறுப்பினர்களின் கையெழுத்து, முதல் தவணை வந்த 12 மாதத்துக்குள் முன்னேற்ற அறிக்கை, திட்டம் முடிந்த இரண்டு மாதத்துக்குள் இறுதி அறிக்கை. அறிக்கை நிலுவையில் இருந்தால் அடுத்த விண்ணப்பம் நகராது. இந்தக் கோப்பு தலைவரோடு மாறாமல், திட்டக் குழுவின் தலைவரிடமே முடிவுவரை இருப்பதுதான் பாதுகாப்பு. ரசீதுகள், கொட்டேஷன்கள், பயனாளி பட்டியல் எல்லாவற்றையும் குறைந்தது ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

நான் மிகவும் கவலைப்படுவது முடிந்துபோனதாக நினைக்கும் திட்டங்களைப் பற்றித்தான். அரசுப் பள்ளியில் வைத்த ஆர்.ஓ. குடிநீர் இயந்திரத்தையே எடுத்துக்கொள்வோம். திறப்பு விழாப் படத்தோடு சங்கத்தின் கணக்கில் அது முடிந்த திட்டம். மே மாதம் முழுக்கப் பள்ளி மூடியிருக்கிறது. தொட்டியிலும் மெம்பிரேனிலும் தண்ணீர் தேங்கி, பாசி பிடித்து, வாடை வந்துவிடுகிறது. ஜூனில் பள்ளி திறக்கும்போது தொட்டியைக் கழுவி, முன் ஃபில்டர்களை மாற்றி, சிறிது நேரம் தண்ணீரை ஓடவிட்டு வெளியேற்ற வேண்டும். சரியாக அந்த மாதத்தில்தான் பழைய தலைவர் விடைபெறும் மனநிலையில் இருக்கிறார், புதியவர் விழா ஏற்பாட்டில் இருக்கிறார். பிள்ளைகள் இரண்டு நாள் குடித்துப் பார்த்துவிட்டு வீட்டிலிருந்தே பாட்டில் கொண்டுவர ஆரம்பிப்பார்கள். ரோட்டரிச் சக்கரம் போட்ட பெயர்ப்பலகை மட்டும் பளபளப்பாக இருக்கும். நம் மரியாதை கெடுவதைவிடப் பெரிய விஷயம், அந்தப் பிள்ளைகளுக்கு நாம் கொடுத்த வாக்கு பொய்யாவதுதான்.

இதற்கு ஒரு திட்டத்துக்கு ஒரு தாள் போதும். எந்த இடம், என்று நிறுவியது, இயந்திரத்தின் மாடல் எண், விற்றவரின் தொலைபேசி, வாரன்ட்டி முடியும் தேதி, பராமரிப்பு ஒப்பந்தத் தொகையும் புதுப்பிக்கும் மாதமும், கடைசியாக ஃபில்டர் மாற்றிய நாள், பள்ளியில் சாவி வைத்திருக்கும் ஆசிரியர் யார், மின்கட்டணம் யார் பொறுப்பு. தலைமையாசிரியர் முத்திரையிட்டு ஒப்புக்கொண்ட கடிதத்தின் நகலும் பின்னால் இருக்கட்டும். பிரேதம் வைக்கும் ஃப்ரீசர் பாக்ஸ், சக்கர நாற்காலி வங்கி, தையல் பயிற்சி மையம், ரத்த தானம் செய்வோர் பட்டியல், எல்லாவற்றுக்கும் இதே போல. எரிவாயு தகன மேடை போன்ற பெரிய பொறுப்புகளைத் தனி அறக்கட்டளை அமைத்து, ஆண்டுதோறும் மாறாத அறங்காவலர்களிடம் பல ஊர்ச் சங்கங்கள் விட்டிருப்பதன் காரணம் இதுதான். ரோட்டரி 1985-ல் தொடங்கிய போலியோ ஒழிப்புப் பணியில் 2014 மார்ச்சில் இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் பகுதிக்குப் போலியோ இல்லை என்ற சான்று கிடைக்கும்வரை எத்தனை தலைவர்கள் மாறியிருப்பார்கள்! ஒவ்வொருவரும் முந்தையவரின் வேலையை எடுத்து நடத்தியதால்தான் அந்தப் பணி நிலைத்தது.

சில்லறைச் சாமான்களும் உண்டு: சங்கத்தின் அங்கீகாரப் பட்டயம், காலர், மணியும் சுத்தியலும், கொடி, ரோட்டரியின் நான்கு நெறிக் கேள்விகள் எழுதிய நால்வழிச் சோதனைப் பலகை, தீர்மானப் புத்தகம், ரப்பர் ஸ்டாம்ப். எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். ஜிமெயில், ஃபேஸ்புக் பக்கம் இவற்றின் கடவுச்சொல்லைக் கொடுத்தால் மட்டும் போதாது. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு எண் பழையவரின் போனில் இருக்கும். சங்கத்தின் பெயரில் ஒரு சிம் கார்டு வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை என்றைக்கும் இல்லை.

இனி விழா. நம்மூரில் ஜூலை முதல் பாதி ஆனி மாதம். முகூர்த்த நாளில் மண்டபம் கிடைக்காது. ஆடி பிறந்தால் மண்டபங்கள் காலி, வாடகையும் பேசிக் குறைக்கலாம். ஆனால் ஆடியில் வேண்டாம் என்பவர்கள் சங்கத்தில் நிச்சயம் இருப்பார்கள். எனவே ஜூலை 1 முதல் 15-க்குள் என்றால், ரோட்டரி மாவட்டத்தின் ஆளுநர் அல்லது உதவி ஆளுநரின் தேதியோடு சேர்த்து ஏப்ரலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். மணியடித்துக் கூட்டத்தைத் தொடங்குபவர் பழைய தலைவர், முடித்துவைப்பவர் புதியவர். நடுவில் செயலாளர் அறிக்கை ஐந்து நிமிடம். மீதியை அச்சிட்டு இருக்கையில் வைத்துவிடலாம். காலரில் புதிய பெயர்த்தகடு பொறிக்க வேண்டுமென்றால் பத்து நாள் முன்பே கொடுங்கள்.

நலத்திட்ட உதவிகளைக் கடைசியில் வைப்பதை நிறுத்த வேண்டும். தையல் இயந்திரம் வாங்க வந்த பெண் ஐந்து மணிக்கு வந்து, எல்லோர் பேச்சையும் கேட்டு, ஒன்பதரைக்கு மேடையேறுகிறார். அப்புறம் ஊருக்குக் கடைசிப் பேருந்து இருக்காது. ஸ்டாண்டோடு இயந்திரத்தைப் பேருந்தில் ஏற்றவும் விடமாட்டார்கள். காலர் மாறிய உடனே முதல் நிகழ்ச்சியாக அதை வையுங்கள், அவர் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பட்டும், இயந்திரம் மறுநாள் லோடு ஆட்டோவில் வீட்டுக்கே போகட்டும். ஆட்டோ வாடகையையும் திட்டச் செலவில் சேர்த்துவிடுங்கள். விழா ஜூனிலேயே நடந்தால் இந்த உதவி எந்த ஆண்டுக் கணக்கு என்பதையும் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும்.

விழா முடிந்த ஒரு வாரத்துக்குள் புதிய இயக்குநர் குழுவின் முதல் கூட்டம். உடனடி முன்னாள் தலைவர் அதில் உறுப்பினர், வந்தே ஆக வேண்டும். வங்கியிலிருந்து கையெழுத்து மாற்றம் உறுதியாகிவிட்டதா, ஜூலை 1 பட்டியலில் எத்தனை பேர், பட்ஜெட் என்ன, எந்தெந்தப் பள்ளியில் ஃபில்டர் மாற்ற வேண்டும் என்ற நான்கையும் அன்றே எடுத்துவிட்டு, திட்டத் தாள்களை ஒவ்வொரு இயக்குநருக்கும் பிரித்துக் கொடுத்துவிடலாம்.