டி12

மார்ச் 4
தும்மினேன். முதுகுவலியில் உயிரே போய்விட்டது.

மார்ச் 5
எக்ஸ்ரேயில் மற்ற முள்ளெலும்புகள் ஒழுங்காக அடுக்கியிருக்க, நெஞ்சுப்பகுதியின் கடைசி முள்ளெலும்பான டி12 மட்டும் முன்பக்கம் நசுங்கி ஆப்பு வடிவில் நிற்கிறது. “எங்கே விழுந்தீர்கள்?” என்றார் டாக்டர். விழவே இல்லை. இறுகிப்போன ஜன்னலை இழுத்துத் திறந்தேன், அவ்வளவுதான். அதற்கு அடுத்துக் கீழே இருக்கும் எல்1-இலும் ஒரு பழைய நசுங்கல் இருக்கிறதாம். அது முறிந்தது எனக்கே தெரியாது. முதுகெலும்பு முறிவுகளில் பாதிக்கு மேல் இப்படி யார் கண்ணிலும் படாமல் போகுமாம்.

மார்ச் 9
எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன். அதில் வரும் மதிப்பெண்ணான டி-ஸ்கோர் மைனஸ் 3.1. மைனஸ் 2.5-ஐத் தொட்டாலே எலும்புப்புரைதான். கையில் கொடுத்த விவரத்தாள் “மாதவிடாய் நின்ற பெண்கள்” என்று ஆரம்பிக்கிறது. ஐம்பதைத் தாண்டிய ஆண்களில் ஐவரில் ஒருவருக்கு எலும்பு மெலிந்து முறிகிறது. இடுப்பெலும்பு முறிந்தால் பெண்களைவிட ஆண்களே அதிகம் சாகிறார்கள். தாளில் அதற்கு ஒரு வரி கிடையாது.

மார்ச் 10
உயரம் 166. பழைய அடையாள அட்டையில் 172.

மார்ச் 12
ஆஸ்துமாவுக்காக ஆண்டுக்கணக்கில் விழுங்கிய, எலும்பை மெலியவைக்கும் ஸ்டீராய்டு மாத்திரையான ப்ரெட்னிசோலோன்தான் முதல் சந்தேகம். ஆனாலும் டெஸ்டோஸ்டிரோன், தைராய்டு, வைட்டமின் டி, மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் என்று எல்லாவற்றுக்கும் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். ஆண்களுக்கு வந்தால் பின்னால் வேறு நோய் ஒளிந்திருக்கிறதா என்று தேடிவிட வேண்டுமாம். தேடட்டும். அந்த நான்காவது பெயரை மட்டும் என் கண்ணில் காட்டாமல் இருந்திருக்கலாம். ராத்திரி முழுக்க அதையே புரட்டிக்கொண்டிருந்தேன். புரளத்தான் முடியவில்லை.

மார்ச் 13
முடிவு வரவில்லை.

மார்ச் 16
மைலோமா இல்லை! ஒருக்களித்து, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி, யார் துணையும் இல்லாமல் எழுந்தேன்.

மார்ச் 19
புது எலும்பைக் கட்டும் மருந்து, டெரிபாராடைட். தினம் தொடையில் ஓர் ஊசி, வழக்கமாக இரண்டு ஆண்டு வரை. அதன்பின் கட்டிய எலும்பைக் காக்க வேறு மருந்து. ஊசி வலிக்கவில்லை. “கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்காருங்களேன்” என்று மனைவி சொல்வதுதான் வலிக்கிறது. இதற்கு மேல் எங்கே நிமிர்வது? சட்டையின் முன்பக்கம் பின்பக்கத்தைவிட இறங்கித் தொங்குகிறது. உட்கார்ந்தால் விலா எலும்பு இடுப்பில் இடிக்கிறது.

மார்ச் 23
166 தான். காலையிலும் மாலையிலும்.

மார்ச் 27
தம்பி பார்க்க வந்தான். அவனுக்கும் ஆஸ்துமா, அவனுக்கும் அதே மாத்திரை. குதிகாலையும் முதுகையும் ஒட்டிச் சுவரோடு நிற்கச் சொன்னேன். “எனக்கு எதற்கு அண்ணா?” என்று சிரித்துக்கொண்டே நின்றான். பின்தலை சுவரைத் தொடவில்லை. நடுவில் என் நான்கு விரல் நுழைந்தது. ஸ்கேனுக்கு வரமாட்டேன் என்கிறான். நாளை அவன் மனைவியிடம் பேச வேண்டும்.