நன்கொடை கொடுக்கும் முன்

எங்கேயாவது வெள்ளம், புயல் என்றால் பலர் முதலில் அலமாரியைத்தான் திறக்கிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரங்களில் பழைய துணிகள் தெருவோரம் குவியலாகக் கிடந்து வீணாயின. மூட்டையைப் பிரித்து, அளவு பார்த்து, கிழிசலை ஒதுக்க ஆள் வேண்டும். குடிதண்ணீர் சுமக்க வேண்டிய கைகள்தான் அதில் மாட்டிக்கொள்ளும். அதனால் முடிந்தவரை பணமாகக் கொடுங்கள். தேவையானதை அங்கேயே வாங்கினால் அந்தப் பகுதி வியாபாரியும் எழுந்து நிற்பார்.

அப்புறம், நிவாரணம் முடிந்ததும் கிளம்பிவிடாத அமைப்பாகப் பாருங்கள். வங்கதேசத்தின் பிராக் (BRAC) என்ற தொண்டு அமைப்பு, 1972-இல் விடுதலைப் போருக்குப் பின் ஊர் திரும்பிய அகதிகளுக்கு உதவத் தொடங்கியது. 1985-இல் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிகளும் ஆரம்பித்தது. ஒரே அறை, சுமார் முப்பது பிள்ளைகள், பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்ணே ஆசிரியை. பெற்றோரைக் கேட்டுத்தான் வகுப்பு நேரம் வைத்தார்கள். ஆசிரியை சம்பளத்தை ‘நிர்வாகச் செலவு’ என்று யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபமே வரும்.

மரம் நடும் அமைப்புகளிடம் நான் எப்போதும் கேட்பது ஒன்றுதான்: போன வருடம் நட்டதில் எத்தனை உயிரோடு இருக்கிறது? கென்யாவில் வங்காரி மாத்தாய் 1977-இல் தொடங்கிய பசுமைப் பட்டை இயக்கத்தில், பிழைத்த கன்றுக்குத்தான் பெண்களுக்குச் சிறு தொகை கிடைத்தது. தண்ணீர் ஊற்ற, ஆடு மேயாமல் காக்க அதுவே காரணமானது. இந்தக் கேள்விக்குத் தயங்காமல் கணக்குக் காட்டும் அமைப்பு உங்களுக்குத் தெரிந்தால் இங்கே எழுதுங்கள், நானும் கொடுக்கிறேன்.