ஐட்டம் கோடு விழும்வரை அது பொருளே இல்லை

கோவைப் பக்கம் ஒரு பெரிய பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கிறேன், பெயர் வேண்டாம். மோட்டாரைச் செல்போனிலேயே ஓடவிட்டு நிறுத்துகிற ஒரு கன்ட்ரோலரை எங்கள் சின்ன டீம் செய்து வெளியே கொண்டுவந்தது. சந்தைக்கு இது புதிதில்லை, சின்னச் சின்னக் கம்பெனிகள் எப்போதோ விற்க ஆரம்பித்துவிட்டன. எங்களுக்குத்தான் புதிது. பெரிய கம்பெனிக்குள் இருந்துகொண்டு இதேபோல் ஏதாவது செய்யப் பார்ப்பவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கன்ட்ரோலரின் சர்க்யூட் போர்டு செய்வது பெரிய கஷ்டமில்லை. மூன்று ஃபேஸும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஒன்று போனால் நிறுத்த வேண்டும், போர்வெல்லில் தண்ணீர் வற்றினால் மோட்டார் இழுக்கிற ஆம்ப்ஸ் இறங்கும், அதை வைத்து ட்ரை ரன், அதாவது தண்ணீரில்லாமல் மோட்டார் ஓடுவதை, பிடிக்க வேண்டும், எல்லாம் தெரிந்த சமாசாரம். வயலுக்குப் போனபிறகுதான் விஷயமே. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் எறும்பும் பல்லியும் குடியிருக்கும். மோட்டாருக்குக் கரண்டை இணைக்கிற கான்டாக்டர் இடுக்கில் பல்லி சிக்கிச் செத்துக் கிடந்தால் வீட்டிலிருந்து எத்தனை தடவை ஆன் கொடுத்தாலும் மோட்டார் ஓடாது, ஆனால் செல்போன் ஆப் (app) மட்டும் ஜம்மென்று 'ஓடுகிறது' என்று காட்டும். அதனால் ஸ்டார்ட்டருக்கு ஆன் கொடுக்கிற ரிலே அடித்ததை நம்பாமல், ஆம்ப்ஸ் ஏறினால் மட்டும் ஓடுகிறது என்று காட்டும்படி மாற்றினோம்.

அப்புறம் ஆபீசுக்குள் ஆரம்பித்தது. ஐட்டம் கோடு, அதாவது கம்பெனிக் கணக்கில் ஒரு பொருளுக்குக் கொடுக்கிற எண், இல்லாமல் எதையும் வாங்க முடியாது. கோடு வேண்டுமென்றால் காஸ்டிங் (அடக்கவிலைக் கணக்கு) வேண்டும், காஸ்டிங்குக்கு வெண்டர் விலை வேண்டும், வெண்டரோ எத்தனை பீஸ் என்று கேட்பார், அதை மார்க்கெட்டிங்தான் சொல்ல வேண்டும், மார்க்கெட்டிங் "முதலில் பொருளைக் காட்டுங்க சார்" என்று சொல்லும். யார் மேலும் தப்பில்லை, டன் கணக்கில் செம்புக் கம்பி வாங்குகிற கம்பெனிக்காகப் போட்ட விதிகள் அவை.

அக்கவுன்ட்ஸ் இன்னொரு கதை. பம்ப் விற்றால் பில் போட்டதோடு கணக்கு முடிந்தது. இதற்கு விற்றபிறகும் உள்ளே இருக்கிற சிம்முக்கு வருடாவருடம் பணம் கட்ட வேண்டும், அந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது? அதோடு இது கடையில் வாங்குகிற சாதா சிம் இல்லை, 13 இலக்க எண் கொண்ட எம்டுஎம் (மெஷின் டு மெஷின்) சிம், ஆட்களுக்கில்லாமல் கருவிகளுக்குக் கொடுப்பது. கம்பெனி பெயரில்தான் எடுக்க வேண்டும், யார் கையில் இருக்கிறது என்ற விவரத்தையும் நாம்தான் வைத்திருக்க வேண்டும் என்றதும் லீகல் டிபார்ட்மென்ட்டும் உள்ளே வந்துவிட்டது.

எங்களைக் காப்பாற்றியது ஆர் அண்ட் டி இல்லை, சர்வீஸ். வாரன்டியில் காயில் எரிந்து வருகிற மோட்டார்களில் பாதிச் சண்டை எதனால் எரிந்தது என்பதுதான். லோ வோல்டேஜ் என்று நாம் சொல்வோம், மோட்டாரே சரியில்லை என்று விவசாயி சொல்வார், டீலர் நடுவில் நின்று திட்டு வாங்குவார். எங்கள் பெட்டியில் வோல்டேஜும் ஆம்ப்ஸும் நேரத்தோடு பதிவாகிறது என்று தெரிந்ததும் சர்வீஸ் மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "விவசாயி போனில் ஆன் பண்றது இருக்கட்டும், இதை மட்டும் எனக்குக் கொடுப்பா" என்றார். முதல் பேட்ச் வாரன்டி பட்ஜெட்டிலிருந்து வாங்கினது. அவர் கையெழுத்துப் போட்டபிறகு அந்த ஐட்டம் கோடு தன்னால் விழுந்தது.

சோனியில் கென் குட்டராகி என்ற இன்ஜினியர் பிளேஸ்டேஷன் வீடியோ கேம் பெட்டியைச் செய்தபோதும் உள்ளே எதிர்ப்பு பலமாகத்தான் இருந்தது. தலைவர் நோரியோ ஓகா அந்த டீமைத் தலைமையகத்திலிருந்து பிரித்து சோனி மியூசிக் பக்கம் அனுப்பிவைத்தார், 1994 டிசம்பரில் ஜப்பானில் பொருள் வந்தது. நமக்கெல்லாம் அப்படி ஒரு ஓகா கிடைப்பதில்லை. அதனால் நம் பொருளால் எந்த டிபார்ட்மென்ட்டின் தலைவலி குறையும் என்று பார்த்து அவர்களிடம் முதலில் போங்கள். எம்டிக்கு பிபிடி போடுவதெல்லாம் அதற்குப் பிறகு.

இப்போது சில மாடல்களோடு ஆப்ஷனாக விற்கிறோம். இரண்டாம் வருட சிம் பணத்தை விவசாயியிடம் யார் வசூலிப்பது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. டீலர்கள் முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள், மூன்று வருடத்துக்கும் சேர்த்து விலையிலேயே போட்டுவிடலாம் என்கிறேன் நான், விலை ஏறும் என்கிறது மார்க்கெட்டிங்.