பொதுச்சந்தும் பத்திரத்தின் ஒரு வரியும்

திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், ஜார்ஜ் டவுன் போன்ற பழைய பகுதிகளில் ஒரே மனையாக இருந்த வீடு அண்ணன் தம்பிகளுக்குள் பாகம் பிரியும்போது, தெருவைப் பார்த்த முன்கட்டு ஒருவருக்கும் பின்கட்டு மற்றவருக்கும் போவது வழக்கம். பின்கட்டுக்காரருக்கு வெளியே வரச் சந்து ஒன்றுதான் வழி. பிரித்துக்கொண்டவர்கள் உயிரோடு இருக்கும்வரை அதைப் பற்றிப் பேச்சே எழாது. அடுத்த தலைமுறையில் முன்கட்டு கைமாறி, வாங்கியவர் சந்தின் வாயிலில் இரும்புக் கதவு போட்டுப் பூட்டும்போதுதான் பீரோவிலிருந்து பத்திரத்தை எடுக்கிறோம்.

என் உறவினர் வீட்டில் அப்படி நேர்ந்தபோது, பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தை நான் வரி வரியாகப் படித்தேன். சொத்து விவரத்தின் கடைசியில், நான்கெல்லைகளுக்குப் பிறகு, "கிழமேல் 4 அடி, தென்வடல் 60 அடியுள்ள பொது நடைபாதையில் சமபாத்தியமும்" என்று இருந்தது. அந்த ஒரு வரி வழக்கின் தன்மையையே மாற்றிவிட்டது. சமபாத்தியம் என்றால் நிலமே இருவருக்கும் சொந்தம். கதவைப் பூட்டவோ, ஸ்கூட்டரை நிரந்தரமாக நிறுத்தி வழியை அடைக்கவோ ஒருவருக்கும் உரிமையில்லை. எத்தனை வருடம் நடந்தோம் என்று நிரூபிக்க வேண்டிய தேவையும் இல்லை.

நிலம் ஒருவருடையது, நடக்கும் உரிமை மட்டும் மற்றவருடையது என்றால் அது வசதியுரிமை. இதற்கான 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் தொடக்கத்திலேயே சென்னை மாகாணத்துக்குப் பொருந்திய சட்டம். பாகம் பிரித்ததால் வேறு வழியே இல்லாமல் போன மனைக்கு, பத்திரத்தில் எழுதாவிட்டாலும், அதன் 13ஆம் பிரிவு அவசியத்தின் பேரில் வழி தருகிறது. ஆனால் பின்பக்கத்தில் வேறொரு தெருவுக்கு வழி கிடைத்து அந்த அவசியம் தீர்ந்துவிட்டால், 41ஆம் பிரிவின்படி அந்த உரிமையும் போய்விடும்.

"இருபது வருடமாக நடக்கிறோம், இனி யார் தடுப்பது?" என்று பலர் நம்பிக்கையோடு சொல்வதைக் கேட்டிருக்கிறேன். 15ஆம் பிரிவு கேட்பது வெறும் 20 ஆண்டுகளை அல்ல. வெளிப்படையாகவும், சச்சரவின்றியும், இடைவிடாமலும், உரிமை என்ற முறையிலும் நடந்திருக்க வேண்டும்; அந்தக் காலம் வழக்குப் போடுவதற்கு முந்தைய 2 ஆண்டுகளுக்குள் வந்து முடிய வேண்டும். அரசு நிலமாக இருந்தால் 30 ஆண்டுகள். பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டு, அவர் சரியென்று சொல்லி நடந்ததெல்லாம் அனுமதிதான். எத்தனை காலமானாலும் அது உரிமையாகாது, பொதுவாக அவர் அதைத் திரும்பப் பெறவும் முடியும். நல்லுறவில் வாழ்ந்தவர்களுக்கே இந்த இடத்தில் சட்டம் கடுமையாக இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. உறவு நன்றாக இருக்கும் காலத்திலேயே எழுதிப் பதிவு செய்துவிடுங்கள் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

உரிமை இருந்தாலும் அதற்கு அளவு உண்டு. நடக்கும் உரிமை வண்டி ஓட்டும் உரிமையாகிவிடாது. பின்கட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டு, ஒரு குடும்பம் நடந்த சந்தில் எட்டுக் குடும்பத்தின் போக்குவரத்தை ஏற்றப் பார்ப்பவரிடம், கூடுதல் சுமையை ஏற்க முடியாது என்று நிலத்துக்காரர் ஆட்சேபிக்கலாம்.

வழியை அடைத்துவிட்டால், உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள நகர உரிமையியல் நீதிமன்றத்தில் உறுத்துக்கட்டளை, அதாவது அடைப்பை நீக்கவும் இனி தடுக்காமல் இருக்கவும் உத்தரவு, கேட்டு வழக்குப் போடலாம். வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கக் கோரினால், அவர் நேரில் வந்து சந்தை அளந்து, கதவும் பூட்டும் இருக்கும் இடத்தைக் குறித்து அறிக்கை தருவார். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, நில அளவை வரைபடம் ஆகியவற்றை அதற்கு முன்பே திரட்டி வைத்திருக்க வேண்டும்.

புதிதாக எழுதும் பத்திரத்தில் "பொது வழி உண்டு" என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். அகலம், நீளம், இரு சக்கர வண்டி போகலாமா, குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் அடியில் பதிக்கலாமா என்பதைத் தனித்தனியாகக் குறிப்பிட்டு, வரைபடத்தையும் இணையுங்கள். சந்தைச் செப்பனிடும் செலவு யாருடையது என்பதையும் எழுதுங்கள். வசதியுரிமையாக இருந்து, அதைப் பற்றி ஒப்பந்தம் ஏதும் இல்லாவிட்டால், வழியைப் பயன்படுத்துகிறவர்தான் அதை ஏற்க வேண்டும்.