பச்சை மேலே வந்த குடியரசு தினம்

நம் பள்ளி மலர்க் குழுவினர் இந்த ஆண்டுக்குக் கொடுத்த தலைப்பு 'கடல் கடந்தும் இந்தியர்'. இரண்டு பக்கம் போதும், குடும்பப் படம் ஒன்றும் அனுப்புங்கள் என்றார்கள். இங்கே நியூ ஜெர்சியில் ஓக் ட்ரீ சாலையில் கறிவேப்பிலை கிடைப்பதையும் என் மகள் பரதநாட்டியம் கற்றதையும் எழுதி ஒப்பேற்றிவிடலாம் என்றுதான் சரி சொன்னேன். அதற்குள் பூகோள சார் இறந்துபோன செய்தி நம் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. வரிசையாகக் கைகூப்பிய பொம்மைகள். அவற்றுக்கு நடுவில் நம் செட் நண்பன் ஒருவன், கெட்ட எண்ணம் இல்லாமல்தான், "கொடியைத் தலைகீழா ஏத்தினாரே, அந்த சார்தானே?" என்று கேட்டிருந்தான். நாலைந்து பேர் அதற்குச் சிரித்தும் இருந்தார்கள்.

அந்தக் கொடியைக் கட்டியவன் நான்.

சாரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெள்ளை முழுக்கைச் சட்டை, காஷ்மீரில் தொடங்கிக் கையெடுக்காமல் ஒரே கோட்டில் கன்னியாகுமரி போய்த் திரும்பி வருகிற இந்திய வரைபடம், வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை முடிந்து சைக்கிளில் வந்து இறங்கும்போது தலையில் மறந்துபோய் இருக்கும் தொப்பி. பாடத்தைவிட பாடத்துக்கு வெளியே பேசியதுதான் அதிகம். "நம்ம பக்கத்துல கொடி ஏறாம எதுவும் ஆரம்பிக்காதுடா" என்பார். ஐப்பசியில் மாயவரம் மாயூரநாதருக்குக் கொடியேற்றம். ஆகஸ்ட் 29-ல் வேளாங்கண்ணிக்கு. நாகூர் கந்தூரிக்கு நாகப்பட்டினத்திலிருந்து ஊர்வலமாகக் கொடி வந்து மினாராக்களில் ஏறும். மூன்றையும் சொல்லிவிட்டு, நாலாவது நம் மைதானத்துக் கொடி என்பார். ஆகஸ்ட் 15-ல் முதலமைச்சர்கள் கோட்டையில் கொடியேற்றும் உரிமை 1974-லிருந்துதான் வந்தது, அதைக் கேட்டு வாங்கியது கலைஞர் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சொந்தக்காரக் களை இருக்கும்.

நம் பள்ளியில் கொடி கட்டுவது அவர் வேலை. யாரும் உத்தரவு போட்டதாகத் தெரியவில்லை, வருஷக்கணக்கில் அப்படித்தான் நடந்தது. கதர்க் கடையில் வாங்கிய கொடி, ஆறடிக்கு நாலடி. காவிப் பக்க முனையில் கயிற்றோடு ஒரு சின்ன மரக்கட்டை இருக்கும், அதுதான் மேல் பக்கத்துக்கு அடையாளம். "கட்டை மேல, வால் கீழ" என்று சொல்லிக்கொண்டே மடிப்பார். நடுவில் ரோஜா இதழ், சாமந்தி. பிறகு ஒரு சுருக்கு முடிச்சு. இழுத்தால் அவிழ வேண்டும், காற்றுக்கு அவிழக் கூடாது.

1985 ஜனவரியில் அவருக்கு வலது கையில் அடிபட்டுக் கட்டுப் போட்டிருந்தார். பத்தாம் வகுப்பில் இருந்த என்னைக் கூப்பிட்டு, "நீ கட்டுறா" என்றார். கட்டை அந்த வருஷம் உடைந்து போயிருந்தது. பிரித்துப் பார்த்துவிட்டுக் கட்டு என்று இரண்டு தரம் சொன்னார். நான் ஸ்கவுட் டிரம்மை எடுக்கும் அவசரத்தில் இருந்தேன்.

இந்திரா காந்தி சுடப்பட்டு மூன்று மாதம்கூட ஆகாத குடியரசு தினம் அது. அவர் படத்துக்கு மாலை போட்டு மேடையில் வைத்திருந்தார்கள். தலைமை விருந்தினர் கயிற்றை இழுத்தார், அவிழவில்லை. மறுபடி இழுத்தார். இதழெல்லாம் அவர் வழுக்கையில் கொட்ட, கொடி விரிந்தது. பச்சை மேலே, காவி கீழே.

முதலில் ஆறாம் வகுப்பு வரிசையில்தான் சிரிப்பு வந்தது. சார் ஒற்றைக் கையோடு ஓடிப்போய்க் கயிற்றைப் பற்றினார். இன்னொருவர் உதவிக்கு வந்து கொடியை இறக்கி, மாற்றிக் கட்டி, ஏற்றி, பிறகுதான் ஜன கண மன. என் டிரம் குச்சி இரண்டு இடத்தில் தப்பியது. தலைமையாசிரியர் அறை வாசலில் "யார் கட்டினது?" என்று கேள்வி வந்தபோது நான் மூன்றடி தள்ளி நின்றேன். சார் என்னைப் பார்க்கவே இல்லை. "நான்தான். கை சரியில்லை, தப்பா போச்சு" என்றார்.

ஆரஞ்சு மிட்டாய் வாங்கிக்கொண்டு வெளியே வந்தால், வாசல் டீக்கடையில் ஒரு பெரிய மனிதர் சொல்லிக்கொண்டிருந்தார்: "பச்சையை மேல வச்சுட்டார் பாரு. தெரியாம வச்சாரா, தெரிஞ்சே வச்சாரா?" சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அதன் அர்த்தம் பதினைந்து வயதில் எனக்குப் புரியவில்லை என்று எழுதிவிடலாம். புரிந்தது. மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டேன்.

அந்த ஆகஸ்டிலிருந்து கொடி என்.சி.சி. மாஸ்டர் கைக்குப் போனது. சார் வேப்பமரத்தடியில் கடைசி வரிசையில் நின்று வணக்கம் வைத்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அப்புறம் நான் 1996-ல் இங்கே வந்தேன். ஊரில் இருந்தவரை சுண்டலுக்காகக் கோயிலுக்குப் போனவன், நியூயார்க் ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலில் பக்தனானேன். 1977-ல் கும்பாபிஷேகம் கண்ட கோயில். என் பக்தியில் அதன் அடித்தளத்து கான்டீன் தோசைக்கும் பங்கு உண்டு. 2009-ல் நூவர்க்கில் வலது கையைத் தூக்கி, பிறந்த நாட்டின் மீதான விசுவாசத்தை முழுக்கத் துறப்பதாகச் சத்தியம் செய்தேன். குட்டி அமெரிக்கக் கொடி ஒன்று தந்தார்கள். 1955 குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி அந்த நிமிஷத்தோடு நான் இந்தியன் இல்லை. கையில் இருக்கும் ஓ.சி.ஐ. அட்டை, அதாவது 'வெளிநாட்டு இந்தியக் குடிமகன்' அட்டை, குடிமகன் என்று பெயரளவில் சொல்லும், ஓட்டு கிடையாது. சத்தியம் செய்த அடுத்த ஆகஸ்டில் 'பாரத் மாதா கீ ஜே' என்று என் தொண்டை கட்டும்வரை கத்தியது வேறு கதை. ஊரில் இருந்தபோது அந்த முழக்கத்தை நான் ஒரு தரம்கூடப் போட்டதில்லை.

2022 ஆகஸ்ட் 14 அன்று எங்கள் பக்கத்து இந்திய சுதந்திர தின ஊர்வலத்தில் ஒரு மஞ்சள் புல்டோசர் வந்தது. பிரதமர் படமும் உத்தரப் பிரதேச முதல்வர் படமும் அதில் இருந்தன. பெரிய வண்டியைப் பார்த்துக் குழந்தைகள் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். அந்த வண்டிக்கு என்ன பொருள், ஊரில் அதைக் கொண்டு யார் வீடுகளை இடிக்கிறார்கள் என்று எதிர்வீட்டு ஹைதராபாத்காரர் சாயங்காலம் சொன்னார். ஊர்வலத்தை நடத்தியவர்கள் பிறகு மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினார்கள். நான் அவரிடம் "பார்க்கலையே" என்று சொன்னேன். டீக்கடை வாசலில் நின்ற அதே பையன்தான், வயது மட்டும் ஐம்பதைத் தாண்டியிருந்தது.

2016-ல் ஊருக்குப் போனபோது சாரைப் பார்த்தேன். சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்துதான் போனேன். திண்ணையில் உட்காரவைத்து, மகளை அழைத்து நன்னாரி சர்பத் கொடுக்கச் சொன்னார். நியூ ஜெர்சி எந்த அட்சரேகை என்று கேட்டார், எனக்குத் தெரியவில்லை. "நாற்பதுடா, அங்காரா பக்கத்துல வரும்" என்றார். அங்கே ஆகஸ்ட் 15 எல்லாம் உண்டா என்று விசாரித்தார். உண்டு என்றேன்.

"கொடி யார் கட்டுறா?"

"நான்தான் சார்."

கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார். "கட்டை மேல" என்றார். பிறகு சர்பத்தைக் குடிக்கச் சொன்னார். நான் சொல்ல வந்தது தம்ளரோடு உள்ளே போயிற்று. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

எங்கள் சங்கத்துக் கொடி பாலியஸ்டர். இரண்டு முனையிலும் பித்தளை வளையம்தான், கட்டை கிடையாது. ஒவ்வொரு வருஷமும் முந்தின நாள் ராத்திரி கார் ஷெட்டில் தரையில் முழுக்க விரித்துப் பார்த்துவிட்டுத்தான் மடிக்கிறேன். மனைவி சிரிப்பாள். மேல் வளையத்தில் ஒரு துண்டுப் பென்சிலை நூலால் கட்டி வைத்திருக்கிறேன்.