பழைய டிராக்டரைப் பார்க்கப் போகும்போது

"ஒரு பழைய டிராக்டர் பார்த்து வைத்திருக்கிறேன், கூட வந்து பார்த்துச் சொல்றீங்களா?" டிராக்டர் மெக்கானிக்கான எனக்கு இப்படி அடிக்கடி அழைப்பு வரும். நாங்கள் போய்ச் சேரும்வரை வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடச் சொல்வேன். அப்படியும் போய்த் தொட்டால் இன்ஜின் சூடாக இருப்பதுண்டு. காலையில் ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்கிற வண்டியோ என்று அங்கேயே சந்தேகம் வந்துவிடும்.

ஆயில் குச்சியை உருவிப் பார்ப்பேன். ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம். ஸ்டார்ட் பண்ணியதும் கொஞ்ச நேரம் வருகிற வெள்ளைப் புகைக்கு நான் பயப்படுவதில்லை. நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. அப்புறம், ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் பிஸ்டன் ரிங், லைனர் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

வாங்க வருபவர்கள் பெரும்பாலும் இன்ஜின் சத்தத்தோடு திருப்தியாகிவிடுகிறார்கள். எனக்குப் பயம் பின்பக்கம்தான். இன்ஜின் வேலைக்கு ஆகும் செலவை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். கியர் பாக்ஸ், பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் என்றால் வண்டியைப் பிரித்த பிறகுதான் கணக்கே தெரியும். அதனால் கலப்பையையோ ரோட்டவேட்டரையோ மாட்டித் தூக்கச் சொல்வேன். தூக்கியபின் இன்ஜினை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். சரசரவென்று இறங்கினால் கருவியைத் தூக்கும் ஹைட்ராலிக் லிஃப்ட்டில் கசிவு. அடுத்து, பாரத்தோடு ஒவ்வொரு கியராக ஓட்டிப் பார்ப்பேன். வெறும் வண்டியில் ஒழுங்காக நிற்கிற கியர், இழுக்கும்போது தானாக வெளியே வந்து விழுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். ரோட்டவேட்டர் போன்றவற்றைச் சுழற்றுகிற பின்பக்கத் தண்டான பி.டி.ஓ.வையும் சுற்றவிட்டுப் பார்ப்பது நல்லது.

இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும் ஹவர் மீட்டரை நான் நம்புவதில்லை, அதை மாற்றிவிடலாம். பெடல் வழவழவென்று தேய்ந்திருக்க, மீட்டர் குறைந்த மணி நேரம் காட்டினால் கணக்கு உதைக்கிறது. புதுப் பெயின்டும் அப்படித்தான். கிரீஸ் அழுக்கின் மேலேயே அடித்திருந்தால் அது விற்பதற்காக அடித்த பெயின்ட். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஆட்டினால் சக்கரம் திரும்ப அச்சாக இருக்கும் கிங் பின்னின் தேய்மானமும் தெரிந்துவிடும்.

லிஃப்ட் இறங்குகிறது, டயரில் வெடிப்பு இருக்கிறது என்றால் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசச் சொல்வேன். கியர் விழுகிற வண்டியை மட்டும், விலை எவ்வளவு குறைத்தாலும், வேண்டாம் என்றுதான் சொல்வேன். அதற்குள் இன்ஜின் நம்பரையும் சேஸ் நம்பரையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடாமல் சிலர் அட்வான்ஸே கொடுத்து முடித்திருப்பார்கள்.